பச்சைப் பொட்டு வாங்கிய பெட்டி

எங்கள் வீட்டுக்குள் எந்தச் சாமான் நுழைந்தாலும் என் பொட்டு விழாமல் வேலைக்குப் போகாது. மிக்சி, குக்கர், தண்ணி மோட்டார், எதை வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு ஓரத்தில் பச்சை ஒட்டுப் பொட்டு ஒன்று இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்சுக்கான பித்தளைத் துண்டுகள் செய்கிற கம்பெனியில் நான் கடைசி மேசைக்காரி. கடைசி மேசை என்றால் இன்ஸ்பெக்‌ஷன். என் கையைத் தாண்டினால்தான் பீஸ் டப்பாவுக்குள் போகும். சரியான பீஸுக்குப் பச்சைப் பெயின்ட்டில் ஒரு புள்ளி, ஆகாததற்குச் சிவப்பு. வேலையை விட்டு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பெயின்ட்டுக்குப் பதில் பொட்டு அட்டை வந்தது. கலர் கலராக வருகிற அட்டையில் பச்சையை யார் நெற்றியில் வைக்கிறார்கள்? வீணாகத்தானே போகிறது.

என் மகள் ஒருநாள் கேட்டாள்: "ஏம்மா, மாப்ள பாக்க வந்தப்போ அவருக்கும் எங்கனா ஒட்டினியா?"

"மனசுல ஒட்டினேன். இல்லாங்காட்டி உன்னைக் குடுத்திருப்பேனா?" என்றேன்.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை தன் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நல்ல பையன். இதையெல்லாம் நான் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். பெருமைதான். அந்தக் கம்பெனியில் என் மேசையைத் தாண்டிப் போன டப்பா ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூரை அடுத்த பாடியில் வேலை. பிரஸ் ஷாப். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இறங்கி அடித்து வடிவம் எடுக்கிற பெரிய மிஷின்கள் வரிசையாக நிற்கிற கூடம் அது. ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். இவரைப் பார்க்கப் போனபோது என் அப்பா வேலை என்ன, சம்பளம் என்ன என்றெல்லாம் கேட்கவில்லை. "கையைக் காட்டுங்க மாப்ள" என்றுதான் கேட்டார். இவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிரஸ்ஸில் இருக்கிறவனுக்குப் பத்து விரலும் இருந்தால் அவன் நிதானக்காரன், குடிக்கமாட்டான், நினைப்பை வேறு இடத்தில் வைக்கமாட்டான் என்பது அப்பாவின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை. ரிட்டயர் ஆகி வந்த அன்றும் இவர் வீட்டுக் கூடத்தில் நின்று கையை விரித்துக் காட்டி, "பாத்துக்கோமே, உங்கப்பன் எண்ணி உட்டதெல்லாம் அப்டியே கீது" என்றார்.

விரலை இப்படிக் காப்பாற்றியவர் காதை விட்டுவிட்டார். பஞ்சு வைத்துப் பார்த்தார், கம்பெனி கொடுத்த காதடைப்பையும் வைத்துப் பார்த்தார். அந்தச் சத்தம் காதுக்குள் மட்டுமா போகிறது, எலும்பு வழியாகவும் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

பிரஸ் ஷாப்பில் யாரும் வாயால் பேசுவதில்லை. அங்கே கைப்பேச்சு. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் வருகிறார், அந்த சூப்பர்வைசருக்கு மீசையே இல்லாவிட்டாலும். மிஷினில் புது அச்சு மாட்டியதும் ஒரே ஒரு பீஸ் அடித்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புவார்கள். அது சரியாக இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஆள் மூடிய கையை மறு உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். 'முதல் பீஸ் சரி, ஓட்டு' என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மிஷின் ஓடும். கல்யாணமான புதிதில் இந்தச் சைகையை இவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து புதுக் குழம்பானாலும் புதுப் புடவையானாலும் எங்கள் வீட்டில் தட்டுவது நான்தான். இன்ஸ்பெக்டர் யார்?

காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டார். "ஊருல கீற சத்தம் மொத்தமும் வருது. பேச்சு மட்டும் வரமாட்டேங்குது" என்றார். அளவைச் சரிசெய்ய மறுபடி போவோம் என்றால், மாட்டேன் என்றால் மாட்டேன்தான். பிடிவாதத்தில் அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் அண்ணன். யாரும் இறங்கவில்லை.

ஆவடிக்குப் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் எங்களுடையது கீழ் வீடு. மாடியில் பாய் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. பூந்தமல்லிக்காரர்கள். பாய் கடைகளுக்குச் சுடிதார் தைத்துக் கொடுப்பவர். ரிட்டயர் ஆன புதிதில் இவர் வைக்கிற டிவி சத்தம் மாடிவரை அதிரும். பாய் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக் கைக்குழந்தை தூங்காமல் அழுவதை நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். அதோடு இவர் சத்தத்தை நாங்கள் கேட்கிற அளவுக்கு இறக்கிவிட்டார். அதாவது, தனக்கு ஒன்றுமே கேட்காத அளவுக்கு.

அப்படியே உட்கார்ந்து நியூஸ் பார்ப்பார், பழைய குடும்பப் படங்கள் பார்ப்பார். டப்பிங் படம் வந்தால் எழுந்து போய்விடுவார். சண்டைப் படம் என்றாலும் பிடிக்காது. அது அவருடைய ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டுத் திருவிழா. அம்பத்தூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வருவார்கள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம், பெரும்பாலும் சிரிப்புப் படம். அப்போது இவர் டிவியைக் கொஞ்ச நேரமும் எங்கள் முகத்தை நிறைய நேரமும் பார்ப்பார். நாங்கள் சிரித்தால் தானும் சிரிப்பார். ஒரு மூச்சு தள்ளித்தான் அந்தச் சிரிப்பு வரும்.

ஒரு ஞாயிறு நாங்கள் சிரித்து ஓய்ந்து, கூடம் அமைதியாகி, டிவியில் அழுகைக் காட்சி வந்த பிறகு இவர் தனியாகச் சிரித்தார். எல்லோரும் திரும்பினோம். மகள் தன் புருஷன் பக்கம் சாய்ந்து குரலே வெளியே வராத மாதிரி, "எக்ஸ்பிரஸ் போனப்புறம் கூட்ஸ் வண்டி வருது பாரு" என்றாள். ஆவடி ஸ்டேஷன் கேட்டில் நின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு எது வாயில் வரும்? கேலி பண்ணுவது எங்கள் குடும்ப வழக்கம். எனக்கும் சிரிப்பு வந்தது. அவருக்குத்தான் கேட்காதே என்ற தைரியம்.

அடுத்த ஞாயிறு படம் போட்டதும் இவர் செருப்பை மாட்டினார்.

"எங்கய்யா கெளம்பிட்ட?"

"சக்கரைக்கு நடக்கணும்னு டாக்டர் சொன்னாரில்ல."

எந்த டாக்டர் உச்சி வெயிலில் நடக்கச் சொல்வார்? நடக்கவும் இல்லை. பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாகப் பாய் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்ததும். படம் முடிகிற நேரம் பார்த்து வீட்டுக்கு வருவார், வந்து "படம் நல்லாருந்துதா?" என்று கேட்பார். எனக்கு வயிற்றெரிச்சல். தன் சொந்த வீட்டில், தான் வாங்கிப் போட்ட நாற்காலியில் உட்கார முடியாமல் ஒரு மனுஷன் வெயிலில் போய் உட்கார வேண்டுமா? அவரை அந்த நாற்காலிக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் வழி சொன்னவர் மாப்பிள்ளைதான். எங்கள் டிவி பழசு, நெட்டில் வருகிற படம் அதில் நேரடியாக வராது. அதுவரை அவருடைய போனை மாட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். தீபாவளிக்கு அவர் டிவியின் முதுகில் சொருகுகிற ஒரு கறுப்புக் குச்சி வாங்கி வந்தார், கூடவே ஒயர் இல்லாத ஹெட்செட்டும். "இதைக் காதுல போட்டா மாமாவுக்குத் தனியா சத்தம் போகும் அத்தை, எவ்ளோ வேணாலும் ஏத்திக்கலாம்" என்றார்.

குச்சி நல்ல சுறுசுறுப்பு. ரிமோட்டைப் பிடித்து வாயால் படத்தின் பேரைச் சொன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஹெட்செட்டை இவர் தலையில் மாட்டிவிட்டு மாப்பிள்ளை எதையோ அமுக்கினார். அப்போது இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புருவம் மேலே போயிற்று. வாய் திறந்துகொண்டது. "அடேங்கப்பா, பின்னாடி கொலுசு சத்தம்கூட வருது!" என்று கத்தினார். நான் பொட்டு அட்டையைத் தேடிப் போனேன்.

திரும்பி வந்தால் கூடம் அமைதியாக இருந்தது. ஹெட்செட்டுக்குச் சத்தம் போனதும் டிவி வாயை மூடிக்கொண்டது. அவருக்கு மட்டும் கேட்கிறது, எங்கள் ஒருவருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தார். அந்தக் குச்சியில் ஒன்று அது, இல்லாவிட்டால் இது. இரண்டும் சேர்ந்து வராது. இவர் மட்டும் தொடையைத் தட்டிச் சிரிக்க, நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம். கொஞ்ச நேரம்தான். அவருக்குப் புரிந்துவிட்டது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கோசரம் நீங்க எல்லாரும் ஊமைப்படம் பாக்கறதா? வேணாம்பா. அது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். அதுவும் மாப்பிள்ளை தந்த மாடு. ஆனாலும் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இன்ஸ்பெக்‌ஷன். அவர்கள் கிளம்பிப் போன பிறகு குச்சியின் மறுபக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன்.

மகள் வேறு ஒரு வழி பார்த்தாள். பேசுவதைக் கீழே எழுத்தில் ஓடவிடலாம் என்றாள். ஓடவிட்டால் முக்கால்வாசிப் படத்தில் இங்கிலீஷ்தான் ஓடுகிறது. தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எழுத்து போட யாருக்கும் தோன்றவில்லை. இவர் தமிழ் பேப்பரை எழுத்துக்கூட்டாமல் மடமடவென்று வாசிப்பவர். அதனால் என்ன பிரயோசனம்?

அடுத்தது பாய் வீட்டுப் பெட்டி. நான் மாடிப்படியில் நின்று புலம்பியதைக் கேட்டுப் பாய் வீட்டம்மா சொன்னாள்: "எங்கள்து வேற மாதிரி பெட்டிக்கா. அவரு தைச்சிகினே ஹெட்செட்ல கேக்குறாரு, எங்களுக்கும் டிவில வருது. எடுத்துகினு போயி போட்டுப் பாருங்க." குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கிற நேரம். அந்த அழுகையைச் சமாளித்துக்கொண்டு பாயே அதைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து மாட்டிவிட்டார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டைப் பெட்டி. சொன்ன மாதிரியே இரண்டிலும் சத்தம் வந்தது. எனக்கு எம்பிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பாய்க்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

இவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நியூஸ் வாசிக்கிற பெண்ணையே பார்த்தார். நெற்றி சுருங்கிற்று. கண்ணை மூடிக் கேட்டார். திறந்து பார்த்தார். மறுபடி மூடினார். கடைசியில் கழற்றிவிட்டார்.

"இன்னாய்யா? கேக்கலையா?"

"கேக்குது. ஆனா அது வாயை மூடினப்புறம் பேச்சு வருது. வாய் ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. தல சுத்துதுமே."

நான் மாட்டிப் பார்த்தேன். குச்சியில் இந்தக் குறை இல்லை, இந்தப் பெட்டியில் ஒயர் இல்லாமல் காற்றில் போகிற சத்தம் ஒரு இமைப்பொழுது பின்தங்கித்தான் வருகிறது. ஆனால் எனக்கு அது ஒரு தொந்தரவாகவே இல்லை. பாய்க்கும் இல்லை. "நாங்க இத்தினி நாளா கவனிச்சதே இல்லயே" என்றார். இவருக்கு மட்டும் ஏன்?

கேட்டேன். அப்போதுதான் சொன்னார், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. பிரஸ் ஷாப்பில் கைக்கு எட்டாத பேச்சையெல்லாம் உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பார்களாம். எல்லோருக்கும் கொஞ்சம் வரும், இவருக்கு நன்றாக வரும். டிவியையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நியூஸ் வாசிக்கிற பெண் நேராகப் பார்த்துப் பேசுகிறாள், அதனால் நியூஸ். பழைய படத்தில் முகத்தைப் பெரிதாகக் காட்டி நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள், அதனால் பழைய படம். டப்பிங்கில் உதடு ஒரு மொழி, பேச்சு ஒரு மொழி, அதனால் எழுந்து போவது. ரசனையாவது கத்திரிக்காயாவது!

பாய் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் அப்படியே அடுப்படியில் போய் நின்றேன். எனக்கு வேறு ஒன்று உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் இவர் ஒருநாளும் என் பக்கத்தில் உட்காரமாட்டார், எதிரில்தான். உறவுக்காரப் பெண்களிடமெல்லாம் நான் பீற்றிக்கொள்வேன்: "எங்கூட்டுக்காரருக்கு எம் மூஞ்சியப் பாத்துகினேதான் சோறு எறங்கும்." கடைசியில் பார்த்தது மூஞ்சியை இல்லை, உதட்டை! அரை நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. சாயந்திரம் துணி மடிக்கும்போதுதான் யோசித்தேன். உப்பு குறைவு, ரேஷனில் பருப்பு வரவில்லை, நாத்தனார் அப்படிச் சொன்னாள் என்று நான் அளக்கிற அளப்பில் ஒரு சொல்லைக்கூட விட்டுவிடக் கூடாது என்று வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். இந்தத் தெருவில் காது நன்றாகக் கேட்கிற எந்தப் புருஷன் பெண்டாட்டி பேச்சை இப்படிக் கேட்கிறான்? பெருமையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுது முடித்த பிறகு இன்னொன்றும் உறைத்தது. உதட்டைப் படிக்கத் தெரியும் என்றால், அன்றைக்கு மகள் சொன்ன கூட்ஸ் வண்டி? அவள் இவருக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். குரலை அடக்கினாளே தவிர உதட்டை அடக்கவில்லை. அதற்கடுத்த வாரம்தான் இவர் செருப்பை மாட்டினார். நான் இதை மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் தாங்கமாட்டாள், அப்பன் பிள்ளை.

சிவப்புப் பொட்டு இரண்டு ஆயிற்று. பாய் பெட்டிக்கு நிஜமாக ஒட்ட முடியுமா, மனசுக்குள் ஒட்டினேன். இதற்கு மேல் எந்தக் கடைக்குப் போய் எந்தப் பெட்டியைக் கேட்பது? படம் துல்லியமா, சேனல் எத்தனை, ஆப் எத்தனை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது, இவருக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில் சத்தம். உதட்டோடு ஒட்டிய சத்தம்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்புப் புள்ளி வாங்கிய பீஸையெல்லாம் ஒரு கூடையில் போட்டு வைப்போம். உருக்கப் போகிறதற்கு முன்னால் சனிக்கிழமை அந்தக் கூடையை மறுபடி மேசையில் கொட்டி, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். அவசரத்தில் நல்லதைத் தள்ளியிருக்கலாம், வேறு வேலைக்கு ஆகிறதைத் தள்ளியிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் கூடையிலிருந்து ஒரு கைப்பிடியாவது திரும்பி எழுந்து வரும். அந்த நினைப்பில்தான் பரண்மேல் பார்த்தேன். அங்கே ஒன்று கிடந்தது.

நெட் கனெக்‌ஷன் வாங்கியபோது கேபிள்காரர் கூடவே கொடுத்த பெட்டி. சோம்பேறிப் பெட்டி. ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போய் தோசை வார்த்துவிட்டு வரலாம், அப்போதுதான் அடுத்த பக்கம் திறக்கும். வந்த அன்றே முகத்தில் சிவப்புப் பொட்டை அறைந்து பரணில் ஏற்றிவிட்டேன். இப்போது இறக்கித் தூசி தட்டி, கூடைப் பீஸைத் திருப்புகிற மாதிரி முதுகைத் திருப்பினேன். மூன்று வட்ட ஓட்டைகள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை. பழைய விசிடி பிளேயர் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தெரியும், மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. குச்சியிலும் இல்லை, பாய் பெட்டியிலும் இல்லை. புதுசாக வருகிறதில் இதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் போல.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "டிவிக்குப் போற ஒயரு ஒரு பக்கம். இந்தச் செவப்பு வெள்ளையில இன்னொரு ஒயர் சொருகினா, ரெண்டுலயும் சத்தம் வருமா?"

"வரும் அத்தை. ஒயர்ல போறதால லேட்டும் ஆகாது. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க" என்றார். அவரே அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது ஒரு ஒயர் ஹெட்செட்டும், நீளமான ஒயரும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். சிவப்புப் பொட்டு வாங்கியவரின் பெருந்தன்மை! ஆனால் அந்தப் பொட்டு அவருக்குத் தெரியாது.

டிவியிலிருந்து நாற்காலிவரை ஒயரை இழுத்தது என் வீட்டுக்காரர். யாரையும் தொடவிடவில்லை. சுவரும் தரையும் சேருகிற மூலையோடு கிளிப் அடித்து, கதவுச் சட்டத்தைச் சுற்றி வளைத்து, நாற்காலிக் கைக்கு அடியில் கொண்டுவந்து அந்தத் திருகுப் பெட்டியைப் பொருத்தினார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இனி சத்தம் கூட்டவோ குறைக்கவோ அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கை வைத்த இடத்தில் இருக்கிறது.

நான் முதலில் மாட்டிப் பார்த்தேன். காதிலும் வந்தது, டிவியிலும் வந்தது. அவர் மாட்டி, நியூஸ் பெண்ணின் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கழற்றவில்லை.

"பச்சை ஒட்டலையா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம வரட்டும். ஊடு மொத்தமும் ஒக்காந்தாதான் டெஸ்ட்டு" என்றேன்.

ஞாயிறு வந்தது. சாப்பாடு முடிந்தது. பாய் வீட்டம்மாவும் ஒரு தட்டு இனிப்போடு இறங்கி வந்து உட்கார்ந்தாள். கேபிள் பெட்டி தன் வழக்கப்படி முனகி முனகித் திறந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் இவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேரே போய் வாசலை மறித்துக்கொண்டு, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி நின்று சொன்னேன்: "இன்னாய்யா, ஃபர்ஸ்ட் பீஸ் அடிக்காம ஷிப்ட உட்டுப் போறவனா நீ?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே கூடத்தில் மகள் இருக்கிற பக்கம் ஒரு பார்வை. பயம் என்று அதற்குப் பேர் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் பயம்தான். மறுபடி சிரித்து, மறுபடி பிந்திப் போனால்? நான் நகரவில்லை. செருப்பைக் கழற்றினார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டி, திருகில் கை வைத்தார்.

படம் ஓடியது. நான் படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கண் டிவியைவிட்டு நகரவில்லை. ஒரு கல்யாண வீட்டுக் காட்சி வந்தது. சமையல்காரனும் மாமனாரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். மாமனார் வாயைத் திறந்து பாதி வாக்கியம்தான் வந்திருக்கும், இவர் வெடித்துச் சிரித்தார். காதில் விழுந்த பாதியையும் உதடு போகிற போக்கையும் வைத்தே மீதியைப் பிடித்துவிட்டார். அவர் சிரித்த பிறகுதான் டிவியில் அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கினார். மகள் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, இன்னிக்கி யாரு கூட்ஸு?"

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நொடி, "நாந்தான் நைனா, நாந்தான்" என்று எழுந்து ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையும் பாய் வீட்டம்மாவும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். இவர் அவள் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "சரி சரி, படம் போயிகினே கீது பாரு" என்றார்.

நான் பொட்டு அட்டையை எடுக்க எழுந்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, பத்து விரலும் பத்திரமாக இருக்கிற அந்தக் கைகளில் ஒன்றை மூடி, மறு உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.